மி-24 மாடல்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

போர் ஹெலிகாப்டர் மாடல் கட்டும்போது தவறு கண்ணில் படும் இடம் ஒன்று, நடந்த இடம் வேறு. கண்ணாடி ஒட்டும் அன்று இடைவெளி தெரியும். காரணமோ பத்து நாளுக்கு முன் காக்பிட் தரையை அரை மில்லிமீட்டர் தூக்கி ஒட்டியதாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் காரணத்தைத் தேடுகிறோம். உப்புத்தாளைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்கொண்டிருப்பது சோவியத் மி-24வி, 1/48 அளவு. நிஜத்தில் ரோட்டர் வட்டத்தின் விட்டம் 17.3 மீட்டர். 1/48இல் அது 36 செ.மீ., 1/72இல் 24 செ.மீ. வழிமுறை இரண்டு அளவுக்கும் ஒன்றுதான். மில்லிமீட்டர் கணக்கு மட்டும் மாறும். இந்திய விமானப்படை வைத்திருந்த மி-35, இதே மி-24வியின் ஏற்றுமதி வடிவம். அந்த விமானப்படையின் வட்டக்குறி டெக்காலோடு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) கட்டுபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மாடல் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது

நிறையப் பேர் இதைப் பார்த்துப் பதறி, சக்கரக் காலை வெட்டிக் கெடுத்திருக்கிறார்கள். கை வைக்காதீர்கள். நிஜ மி-24உம் அப்படித்தான் நிற்கும்.

வால் ரோட்டர் பக்கவாட்டில் தள்ளுவதால் ஹெலிகாப்டர் நகர்ந்துபோகாமல் இருக்க, இதை வடிவமைத்த மில் நிறுவனத்தார் முதன்மை ரோட்டரின் தண்டை உடலைப் பொறுத்து வலப்பக்கம் 2.5 பாகை சாய்த்தார்கள். தரையில் நிற்கும்போது ரோட்டர் வட்டம் மட்டமாக இருக்க வேண்டுமே. அதற்காகச் சக்கரக் கால்களை, உடல் இடப்பக்கம் சாயும்படி அமைத்தார்கள். ஆகவே உடல் சாய்ந்து ரோட்டர் மட்டமாக இருந்தால், உங்கள் மாடலில் எந்தக் குறையும் இல்லை.

சாய்வின் அளவு சரிதானா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் மாடலை நிறுத்துங்கள். இரண்டு குட்டை இறக்கைகளின் நுனியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளங்கள். 2.5 பாகை என்றால் 100 மி.மீ. அகலத்துக்கு சுமார் 4.4 மி.மீ. வித்தியாசம் வரும். நுனிக்கு நுனி 135 மி.மீ. இருந்தால் இட நுனி வல நுனியைவிட ஏறத்தாழ 6 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

வலப்பக்கம் சாய்ந்தால் அது கோளாறு. வித்தியாசம் 10 மி.மீ.யைத் தாண்டினாலும் கோளாறு. பெரும்பாலும் இடது, வலது சக்கரக் கால்கள் இடம் மாறியிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், பாகங்கள் வார்த்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கியதும் பாகத்தின் எண்ணை டேப்பில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பிளாஸ்டிக் சிமென்ட்டால் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மாடல் பசை) ஒட்டியிருந்தால் மூட்டில் மெல்லிய சிமென்ட்டைத் தொட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகத் திருப்பி எடுக்கலாம். சூப்பர் க்ளூ என்றால் மாடலை ஓரிரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்; குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், லேசாக முறுக்கினால் விட்டுவிடும். அசிட்டோனை மாடலின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். பசையோடு பிளாஸ்டிக்கும் கரைந்துவிடும்.

வால் துடுப்பும் இருபுறமும் ஒன்றாக இருக்காது. வேகமாகப் பறக்கும்போது வால் ரோட்டரின் சுமையைக் குறைக்க அது பக்கவாட்டு விசை தரும்படி அமைக்கப்பட்டது. அதையும் தேய்த்துச் சமப்படுத்தப் போக வேண்டாம்.

முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது, மாடல் வாலில் உட்காருகிறது

மூன்று சக்கர ஹெலிகாப்டர், நீண்ட வால் தண்டு, முனையில் மூன்று இதழ் ரோட்டர். மூக்கில் கனம் வைக்காவிட்டால் பின்னால் சாயத்தான் செய்யும். அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டருக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

உடலை மூடும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். உடலின் இரு பாதிகள், குட்டை இறக்கைகள், வால், ரோட்டர் தலை, காக்பிட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டுங்கள். பின் சக்கரங்களின் அச்சு வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன் மேல் உடலை நிறுத்துங்கள். சின்னப் பிளாஸ்டிக் பையில் ஈயக்குண்டு போட்டு மூக்கின் மேல் வைத்து, மூக்கு கீழே இறங்கும்வரை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இறங்கிய எடையோடு கால் பங்கு கூடச் சேர்த்தால் அதுதான் உங்கள் அளவு. பெயின்ட், ஏவுகணை, ராக்கெட் கூடுகள் எல்லாம் பிறகு வந்து சேரும். கால் பங்கு அதற்காக.

எடை எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். துப்பாக்கி இயக்குபவர் உட்காரும் முன் காக்பிட்டின் தரைக்குக் கீழே, முன்சக்கரக் குழியின் இருபுறமும் முதலில் நிரப்புங்கள். பிறகு விமானி இருக்கைக்குப் பின்சுவர்.

ஒட்டும் பசையில் ஒரு எச்சரிக்கை. தூண்டில் ஈயக்குண்டை வெள்ளைப் பசையில் போட்டு ஊற்றக் கூடாது. ஈயமும் அந்தப் பசையும் காலப்போக்கில் வினைபுரிந்து ஈயம் வெள்ளைப் பொடியாக ஊதும். சில வருடம் கழித்து உடல் ஒட்டுக்கோட்டில் பிளந்து நிற்கும் மாடல்களுக்கு இதுதான் காரணம். எபாக்ஸி அல்லது சூப்பர் க்ளூ போடுங்கள். ஈயத்துக்குப் பதில் இரும்பு நட்டு, சைக்கிள் பேரிங் குண்டு வைத்தாலும் சரி. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மூடிய பிறகு தெரிந்தால்? மூக்கின் அடியில் இரண்டு புடைப்புகள் உண்டு: வலப்புறம் குறிபார்க்கும் கருவி, இடப்புறம் ஏவுகணை வழிகாட்டும் ஆன்டெனா. அவற்றை இன்னும் ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் 4 மி.மீ. துளை போட்டுக் குண்டுகளை உள்ளே விட்டு, சூப்பர் க்ளூவைச் சொட்டவிட்டு, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி காயவையுங்கள். புடைப்பு துளையை மறைத்துவிடும். அவையும் ஒட்டியாகிவிட்டது என்றால் ஒரே வழிதான்: முன்சக்கரத்தின் அடியில் 0.8 மி.மீ. கம்பி பதித்து, மாடலை மரப்பலகையில் நிரந்தரமாக நிறுத்துங்கள்.

உடலின் இரு பாதிகள் சேர மறுக்கின்றன

அழுத்தி ரப்பர் பேண்டு போட்டு மூடிவிடாதீர்கள். அழுத்தத்தில் சேர்ந்த மூட்டு ஒரு கோடை வெயிலில் திறந்துகொள்ளும்.

மி-24இல் முன்னால் இரண்டு காக்பிட், நடுவில் எட்டு வீரர் உட்காரும் அறை, மேலே எஞ்சின் தளம் என்று உள்ளே நான்கைந்து தட்டுகள் இருக்கின்றன. ஏதோ ஒன்று இடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: தட்டுகளின் விளிம்பில் மார்க்கர் மையைத் தடவி, ஈரம் காயும் முன் பாதிகளைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டிய இடம்தான் இடிக்கும் இடம். அங்கே முதலில் பெயின்டைச் சுரண்டுங்கள். பல நேரம் அதுவே போதும், ஏனென்றால் பிரைமரும் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) பெயின்டும் சேர்ந்து இரண்டு பக்கமும் தடிப்பைக் கூட்டியிருக்கும். போதவில்லை என்றால் தட்டின் விளிம்பை 0.2 மி.மீ. வீதம் தேய்த்து, ஒவ்வொரு முறையும் சேர்த்துப் பாருங்கள். அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசியின் வட்டத் தழும்பு புடைத்திருந்தால் அதையும் சீவிவிடுங்கள்.

வால் தண்டே வளைந்திருந்தால் கை பொறுக்கும் சூடுக்கு மேல், சுமார் 70 பாகை வெந்நீரில் கால் நிமிடம் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள்.

ஒட்டுக்கோடு மறைந்தது, பெயின்ட் அடித்ததும் திரும்ப வந்தது

இதுதான் எல்லாவற்றிலும் மனத்தை உடைப்பது. நன்றாகத் தேய்த்தோம், பட்டி பார்த்தோம், வழுவழுப்பாக இருந்தது. பச்சை நிறம் ஏறியதும் முதுகு நெடுக ஒரு மயிரிழைக் கோடு.

காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது அவசரம். சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. அந்தக் கரைப்பான் முழுக்க ஆவியாக இரண்டு நாளாவது வேண்டும். அதற்கு முன் தேய்த்தால், மீதிக் கரைப்பான் போன பிறகு அந்த இடம் உள்வாங்கும். இரண்டாவது, டியூப் பட்டி தானே சுருங்குவது. மூன்றாவது கடினத்தன்மை: மென்மையான பட்டி சீக்கிரம் தேயும், பிளாஸ்டிக் தேயாது, எனவே கோடு பள்ளமாகவே நிற்கும்.

செய்முறை: இரு பாதிகளையும் மிக மெல்லிய இடைவெளியோடு பிடித்து, மெல்லிய சிமென்ட் தோய்த்த தூரிகையைக் கோட்டின் ஒரு முனையில் தொடுங்கள். திரவம் இழையாக உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அரை நிமிடம் விட்டு அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் ஊசிமுனை அகலத்துக்கு ஒரு சின்ன வரப்பாகப் பிதுங்கி எழும். அந்த வரப்பு கோடு நெடுக அறுபடாமல் இருந்தால் பட்டியே தேவையில்லை. துடைக்காதீர்கள். 48 மணி நேரம் கழித்து 400, 600, 800, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

வரப்பு அறுந்த இடங்களில் சூப்பர் க்ளூவோடு முகப் பவுடர் கொஞ்சம் குழைத்து நிரப்பலாம். இது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து பள்ளமாகும்.

பிறகு சோதனை. மேசை விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்து மாடலைச் சுழற்றுங்கள். நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் பெயின்டிலும் தெரியும். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 மாதிரி சாம்பல் பிரைமரை மெல்லிசாக அடித்தால் மீதிக் குறை வெளியே வந்துவிடும். அங்கே மட்டும் திரும்பத் தேயுங்கள். தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை, கெட்டியான லேபிள் டேப்பை வேலியாக ஒட்டி, ஊசியால் அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுத்துத் திரும்பப் போடலாம். ஒரே இழுப்பில் ஆழமாகப் போட முயன்றால் ஊசி நிச்சயம் வழுக்கும்.

காக்பிட் கண்ணாடி பனி படிந்ததுபோல் வெளுத்துவிட்டது

சூப்பர் க்ளூவின் வேலை. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடும் விரல்ரேகை எண்ணெயோடும் சேர்ந்து கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். காற்றோட்டம் இல்லாத மூடிய காக்பிட்டில் இன்னும் மோசம். நீங்கள் கண்ணாடியில் அதைத் தொடாவிட்டாலும், உள்ளே உலோகச் சிறுபாகங்களை ஒட்டிய பசை முழுக்கக் காயும் முன் மூடினால் போதும், இது நடக்கும்.

கண்ணாடியை எடுக்க முடிந்தால், படிவை ஈரப் பஞ்சால் துடைத்து, நிறமற்ற அக்ரிலிக் கிளாஸில் (பளபளப்புப் பூச்சு) முக்கி, ஒரு மூலையை டிஷ்யூ தாளில் தொட்டு வடியவிட்டு, தூசு படாமல் டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாள் மூடிவையுங்கள். கிளாஸ் நுண்ணிய சொரசொரப்பை நிரப்பி மறுபடி தெளிவு தரும். இதைக் கண்ணாடி ஒட்டும் முன்பே செய்துவிட்டால் வெளுப்பு வருவதே அரிது.

கண்ணாடியை ஒட்ட வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, போதும். காயக் காய நிறமற்றுப் போகும், சிறு இடைவெளியை அதுவே அடைத்துவிடும், பிழை என்றால் வெதுவெதுப்பான நீரில் இளகிவிடும். சிமென்ட்டைத் தெளிபிளாஸ்டிக்கில் தாராளமாக விட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அவற்றுக்கு மருந்து கிடையாது.

மி-24வியின் கண்ணாடி குமிழ் வடிவம், முன்னால் மட்டும் தட்டை. சில கிட்டுகளில் குமிழின் உச்சி நெடுக அச்சுக்கோடு இருக்கும். புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, 1000, 2000, 4000, 8000 வரை தண்ணீரில் தேய்த்து, பாலிஷ் கலவை போட்டு, கடைசியில் கிளாஸில் முக்குங்கள். 2000இல் அது முழுக்க மங்கிப் பயமுறுத்தும். நிறுத்தாமல் தொடருங்கள்.

கண்ணாடியின் குறுக்குச் சட்டங்களுக்கு முதலில் காக்பிட்டின் உள்நிறம், அதன் மேல் வெளிநிறம். இந்த வரிசை மாறினால் உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் பச்சையாகத் தெரியும்.

ரோட்டர் இறக்கைகள் விறைப்பாக, பொம்மைபோல இருக்கின்றன

நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் எடையில் தொங்க வேண்டும். எவ்வளவு என்று தரையில் நிற்கும் மி-24இன் பக்கவாட்டுப் படத்தில் அளந்து 48ஆல் வகுங்கள். நிஜத்தில் 48 செ.மீ. என்றால் மாடலில் 10 மி.மீ. வளைவு அடியிலிருந்து நுனிவரை படிப்படியாகக் கூட வேண்டும். தலைக்குப் பக்கத்தில் ஒரே மடிப்பாக இருந்தால் உடைந்த குடைக்கம்பிபோல் இருக்கும்.

ஐந்தும் ஒன்றுபோல் வர, வளைவை அட்டையில் வரைந்து வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இறக்கையையும் சுமார் 80 பாகை நீரில் பத்து நொடி முக்கி, அச்சின் மேல் விரலால் நீவி, குளிர்ந்த நீரில் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகையில் முற்றிலும் துவண்டு, இறக்கை முறுக்கிக்கொள்ளும். தலையில் பொருத்தும்போது இறக்கைக்கு இறக்கை 72 பாகை. வரைந்த தாளின் மேல் வைத்து ஒட்டினால் கண்ணளவு தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ உறுத்துகிறது என்றால் திசையைப் பாருங்கள். மில் ரோட்டர்கள் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும்; அப்பாச்சி எதிர்த்திசையில். தடித்த, உருண்ட விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் போக வேண்டும். அமெரிக்க ஹெலிகாப்டர் கட்டிப் பழகிய கை இங்கே தலைகீழாக ஒட்டிவிடும். மி-24வியில் வால் ரோட்டர் இடப்பக்கம். தொடக்க கால மி-24ஏயில் அது வலப்பக்கம் இருந்தது, எனவே படம் பார்க்கும்போது எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாகங்கள் மீதியாகிவிட்டன

பெரும்பாலும் கவலை இல்லை. ஒரே சட்டத்தை மி-24வி, மி-24பி எல்லாவற்றுக்கும் சேர்த்து வார்ப்பார்கள். ஆனால் எதை விட்டீர்கள் என்று பாருங்கள். வி வகைக்கு மூக்கில் நான்கு குழல் யாக்பி-12.7 சுழல் துப்பாக்கி. பி வகைக்கு வலப்பக்கம் இரட்டைக் குழல் 30 மி.மீ. பீரங்கி. இரண்டும் ஒரே மாடலில் இருக்க முடியாது. வியின் குட்டை இறக்கை முனையில் ஷ்துர்ம் ஏவுகணைக் குழாய்கள், உள்பக்கம் 32 துளை யூபி-32 அல்லது 20 துளை பி8வி20 ராக்கெட் கூடு. துளைகளை எண்ணினாலே எது எது என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் வாயின் முன் வரும் இரண்டு உருண்டைத் தூசு வடிகட்டிகள் கொஞ்சம் கோணினாலும் முகம் மாறுகண்போல் தோன்றும். வெள்ளைப் பசையில் வைத்து, நேர் முன்னாலிருந்து பார்த்துச் சரிசெய்து, பிறகு சிமென்ட் விடுங்கள்.

பெயின்ட் டேப்போடு உரிந்து வருகிறது, அல்லது வெண்மை பூக்கிறது

உரிவது அச்சு எண்ணெயாலும் கை எண்ணெயாலும். தொடங்கும் முன் சட்டங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்தால் பெரும்பாலும் தீரும். உரிந்த இடத்தின் விளிம்பை 1000 தாளால் மங்கவைத்து, பிரைமர் அடித்து, திரும்ப நிறம் ஏற்றுங்கள்.

லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்தால் அது காற்றின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கடலோர ஊர்களில் இது சாதாரணம். பெயின்டை மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மேலே லேசாகத் தெளித்தால் பூப்பு மறையும். பாறைபோல் சொரசொரப்பாக வந்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்திருக்கிறது: தின்னரைக் கூட்டி, பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷை 8 முதல் 10 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டெக்காலுக்கு அடியில் வெள்ளி மினுக்கம்

மேட் (பளபளப்பற்ற) பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கியிருக்கிறது. கிளாஸ் அடித்து, ஒரு நாள் காயவிட்டு டெக்கால் ஒட்டினால் இது வராது. வந்துவிட்டால், மெல்லிய ஊசியால் மினுக்கம் உள்ள இடத்தில் ஏழெட்டுக் குத்து குத்தி, டெக்காலை இளக்கும் மிஸ்டர் மார்க் சாஃப்டர் திரவத்தை ஒரு துளி வையுங்கள். டெக்கால் சுருங்கிக் கசங்கும். தொடாதீர்கள், தானே படியும். காய்ந்ததும் திரும்பப் பாருங்கள். பெரிய சிவப்பு நட்சத்திரத்துக்கு மூன்று முறைகூடத் தேவைப்படும். ரிவெட் குழிகள் டெக்காலின் மேல் தெரியத் தொடங்கியதும் ஈரத்துணியால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு மேட் அடிக்கலாம்.